தனிநபர் மின்சாதனங்கள்: வீட்டில் யாருக்கு எது உதவும்?

கேள்வி: சிங்கப்பூரில், தெம்பனிஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு 66 வயது. முழங்கால் தேய்மானத்தால் சந்தைக்கும் கோயிலுக்கும் போவதையே விட்டுவிட்டார். கணவர் வார இறுதிகளில் உணவு விநியோகம் செய்ய நினைக்கிறார். எனக்கு எம்ஆர்டி ரயில் நிலையம் ஒன்றரை கிலோமீட்டர். ஊரில், மன்னார்குடியில், அப்பாவுக்குப் போலியோவால் இரண்டு கால்களும் செயல்படாது. கைகள் நன்றாக இருக்கின்றன. நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள், மோட்டார் சக்கர நாற்காலி என்று கடைகளில் பல இருக்கின்றன. இவற்றால் அன்றாடத்தில் என்ன பயன்? யாருக்கு எதை வாங்கலாம்?

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்குக் கட்டாயம் பாருங்கள், ஆனால் கடைக்குப் போகும் முன் சிகிச்சையாளரிடம் போங்கள். கணவருக்கு மின்ஸ்கூட்டர் வேண்டாம், மின்சைக்கிள் சரி. உங்களுக்கு எதுவும் தேவையில்லை. அப்பாவுக்கு வேண்டியதை இங்கே வாங்காதீர்கள். தமிழ்நாட்டிலேயே நல்லது கிடைக்கிறது.

இந்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவற்றில் பலவற்றுக்கு டயர்கூடத் தேய்ந்திருக்காது. ஆசையாக வாங்கியிருப்பார்கள், வீட்டு வாசலிலிருந்து போகவேண்டிய இடம்வரை ஓட்ட வழியில்லாமல் மூலையில் நின்று மின்கலம் செத்திருக்கும். அதனால் யார் கேட்டாலும், மோட்டார் எத்தனை வாட், ஒரு மின்னேற்றத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற பேச்சுக்கெல்லாம் முன்பு, போகிற வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வரச் சொல்வேன். எங்கே படி, எங்கே நடைபாதை, எங்கே சைக்கிளோட்டப் பாதை, மின்தூக்கியில் இடம் போதுமா, போய்ச் சேர்ந்த இடத்தில் எங்கே நிறுத்துவது? இவற்றுக்கு விடை தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

சிங்கப்பூரில் இதற்குப் பெரிய பாடமே நடந்திருக்கிறது. 2018 மே மாதம் நடமாட்டச் சாதனங்களுக்கான சட்டம் நடப்புக்கு வந்தபோது மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஓடலாம் என்றிருந்தது. ஊரெங்கும் பெருகின. விபத்துகளும் பெருகின. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அந்த செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் வந்த அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்துபோனார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டவே தடை. மீறினால் 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்றைய கணக்கில் தீவில் ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர் நடைபாதை, 440 கிலோமீட்டர் சைக்கிளோட்டப் பாதை. ஒரே நாளில் அந்த வண்டி ஓடக்கூடிய வழி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. வண்டியில் எந்தக் குறையும் புதிதாக வரவில்லை, ஆனால் அதன் பயன் போய்விட்டது. பிறகு சைக்கிளோட்டப் பாதைகளை நிறையப் போட்டிருக்கிறார்கள், 2030க்குள் 1,300 கிலோமீட்டர் ஆக்குவது திட்டம். உங்கள் தெம்பனிஸ் இதில் மற்ற வட்டாரங்களைவிட முன்னால் இருக்கிறது. ஆனாலும் உங்கள் புளோக்கிலிருந்து அந்தப் பாதைவரை நடைபாதைதான் என்றால், அதுவரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

2001இல் செக்வே என்ற, நின்றபடி ஓட்டும் இரு சக்கர மின்வண்டி வந்தபோதும் இதே கதை. நகரங்களையே மாற்றிவிடும் என்றார்கள். அதற்கென்று எந்த நகரத்திலும் வழி இல்லை. காவலர் ரோந்துக்கும் செந்தோசா போன்ற இடங்களில் சுற்றுலாவுக்கும் பயன்பட்டு, 2020இல் தயாரிப்பே நின்றது. வளாகத்துக்குள், கிடங்குக்குள், தீவுச் சுற்றுலாவில் அது அருமையான வண்டி, ஏனென்றால் அங்கெல்லாம் வழி இருந்தது.

இனி மாமியார் விஷயம். இந்தச் சாதனங்கள் எல்லாவற்றிலும் ஒருவர் வாழ்க்கையை நிஜமாகவே மாற்றுவது முதியவருக்கும் உடற்குறையுள்ளவருக்கும் கிடைக்கும் வண்டிதான் என்பது என் உறுதியான கருத்து. இளைஞருக்கு அது பத்து நிமிடம் மிச்சம். உங்கள் மாமியாருக்கு அது காய்கறியைத் தானே பார்த்துப் பொறுக்கி வாங்குவது, உணவங்காடி நிலையத்தில் தோழிகளோடு காப்பி குடிப்பது, வெள்ளிக்கிழமை கோயில். நடைபாதைத் தடையும் இவற்றுக்குக் கிடையாது. மோட்டார் சக்கர நாற்காலியும், உட்கார்ந்து ஓட்டும் மூன்று நான்கு சக்கர நடமாட்ட ஸ்கூட்டரும் நடைபாதையில் போகலாம்.

ஆனால் நடக்க முடிந்தவர்கள் பலர் பெரிய பெரிய நடமாட்ட ஸ்கூட்டர்களை வாங்கி வேகமாக ஓட்டத் தொடங்கியதால் விதியை இறுக்கிவிட்டார்கள். 2026 ஜூன் 1 முதல் நடைபாதையில் இவற்றின் வேக உச்சவரம்பு மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகிறது. நடப்பதில் சிரமம் உண்டு என்ற சான்று பெற்றவர்தான் நடமாட்ட ஸ்கூட்டர் ஓட்டலாம். அகலம் 70 சென்டிமீட்டர், நீளம் 120, உயரம் 150 தாண்டக்கூடாது. ஆளோடு சேர்த்து எடை 300 கிலோவுக்குள் இருக்கவேண்டும். 6 கிலோமீட்டர் என்றால் வேகமாக நடக்கிறவரின் வேகம். மாமியாருக்கு அது தாராளமாகப் போதும், பக்கத்தில் நீங்களும் பேசிக்கொண்டே நடக்கலாம். 70க்கு 120 என்ற அளவு இன்னொரு வகையிலும் நல்லது. நம் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏற வசதி இருக்கிறது, அங்கேயும் கிட்டத்தட்ட இதே அளவுக்குத்தான் இடம். கூரை போட்ட பெரிய ஸ்கூட்டரை வாங்கினால் பேருந்து, எம்ஆர்டி, மின்தூக்கி மூன்றிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்கூட்டரா, சக்கர நாற்காலியா? ஸ்கூட்டருக்கு முதுகு நேராக நிற்கவேண்டும், இரண்டு கையாலும் கைப்பிடியைத் திருப்பவேண்டும், வளைய இடம் அதிகம் வேண்டும். ஏறி இறங்கும்போது ஒரு காலில் சில நொடி நிற்கத் தெம்பு வேண்டும். மோட்டார் சக்கர நாற்காலியை ஒரு கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தே ஓட்டலாம், நின்ற இடத்திலேயே திரும்பும், மின்தூக்கிக்குள் முன்பக்கமாகப் போய்த் திரும்பி முன்பக்கமாகவே வெளியே வரலாம், சாப்பாட்டு மேசைக்குக் கீழே நுழையும். பக்கவாதம் வந்தவருக்கும் கை நடுக்கம் உள்ளவருக்கும் தேர்வு வேறு வேறாக அமையும். முழங்கால் மட்டும்தான் பிரச்சினை, கையும் பார்வையும் நன்றாக இருக்கின்றன என்றால் சிறிய, பிரித்து வைக்கக்கூடிய ஸ்கூட்டர் பொருந்தும். வீட்டுக்குள்ளும் நடக்கச் சிரமம் என்றால் நாற்காலி.

இதைத்தான் சிகிச்சையாளர் முடிவு செய்யவேண்டும். பலதுறை மருந்தகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். சான்றுக்கும் அதே பயணம் உதவும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக நடமாட்டச் சாதனங்களுக்கு மானியம் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரைகூடக் கிடைக்கலாம். வாங்கிவிட்டு ரசீதோடு போனால் சிக்கல், ஆகவே முதலில் விண்ணப்பம். வீட்டு வாசல் படிக்குச் சாய்தளம் வேண்டுமென்றால் முதியோர் வீடுகளில் பாதுகாப்பு வசதி செய்துதரும் வீவகவின் ஈஸ் திட்டத்தில் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு நடையும் தொடைத் தசைப் பயிற்சியும் மருந்து. வண்டி வந்த பிறகு வீட்டிலிருந்து கீழே குப்பை போடப் போவதற்கும் அதில் ஏறினால் இருக்கிற தெம்பும் போய்விடும். சந்தைவரை வண்டி, சந்தைக்குள் மெல்ல நடை, திரும்ப வண்டி என்று பழக்குங்கள். வலிக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர் இப்படி முன்பைவிட அதிகமாக நடக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டப் பழகும்போது கவனிக்கவேண்டியவை சில. பெரும்பாலான வண்டிகளில் முடுக்கியை விட்டால் மின்காந்தப் பிரேக் தானாகப் பிடித்துவிடும். பயத்தில் இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும், எனவே "பயந்தால் கையை எடு" என்பதை உடம்பில் ஏறும்வரை பழக்கவேண்டும். பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தளர்த்தினால் பிரேக் விடுபட்டு வண்டியைக் கையால் தள்ளலாம். சாய்தளத்தில் அதைத் தொடவே கூடாது. நடைபாதைச் சரிவுகளில் குறுக்காக ஏறாமல் நேராக ஏறவேண்டும், மூன்று சக்கர வண்டி என்றால் இன்னும் கவனம். மழைநாளில் சாக்கடை மூடியின் இரும்புக் கம்பிகள் வழுக்கும்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். 2019 தடையில் அதிகம் அடிபட்டவர்கள் உணவு விநியோகிப்பாளர்கள்தான். ஏறக்குறைய 7,000 பேர் மின்ஸ்கூட்டரை நம்பியிருந்தார்கள். அரசாங்கமும் மூன்று விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி, மின்ஸ்கூட்டரை ஒப்படைத்துவிட்டு மின்சைக்கிளுக்கோ சாதாரண சைக்கிளுக்கோ மாறுகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தன. அந்த மாற்றம்தான் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. மின்சைக்கிளுக்குச் சாலையும் திறந்திருக்கிறது, சைக்கிளோட்டப் பாதையும் திறந்திருக்கிறது. மின்ஸ்கூட்டருக்குச் சைக்கிளோட்டப் பாதை மட்டும். உணவகமும் வாடிக்கையாளரின் புளோக்கும் சாலையோரத்தில்தானே இருக்கின்றன.

விதிகள்: ஓட்டுகிறவருக்கு 16 வயது நிரம்பியிருக்கவேண்டும். 2022 ஜனவரி முதல் கோட்பாட்டுத் தேர்வில் தேறியிருக்கவேண்டும், இணையத்திலேயே எழுதலாம். வண்டி 20 கிலோவுக்குள், மோட்டார் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடவேண்டும். பெடல் மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யவேண்டும். மிதிக்காமல் ஓட முடுக்கி வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப்பக்கமே போகவேண்டாம். ஒப்புதல் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள வண்டியை மட்டும் வாங்குங்கள். சாலையில் தலைக்கவசம் கட்டாயம், நடைபாதையில் ஓட்டக்கூடாது.

வேலைக்கு எப்படி இருக்கும் என்றால், இடுப்பு முறியாமல் நாள் முழுக்க ஓடலாம் என்பதே பெரிய லாபம். மின்சாரச் செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் 360 வாட்-மணி. ஒரு யூனிட் 30 காசு என்று வைத்தால் முழு மின்னேற்றத்துக்குப் பதினோரு காசு. ஆனால் விளம்பரத்தில் போட்ட தூரத்தை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். பை, நிறுத்தி நிறுத்தி எடுப்பது, மேம்பால ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்ல வண்டி. உண்மையான செலவு மின்கலத்தில் இருக்கிறது. சுமார் 500 முழு மின்னேற்றத்துக்குப் பிறகு அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையும். பிரேக் கட்டையும் சங்கிலியும் இந்த வேலையில் வேகமாகத் தேயும். அதையும் வருமானத்திலிருந்து கழித்துப் பாருங்கள். உணவுப் பையை முதுகில் மாட்டாமல் பின்தாங்கியில் கட்டச் சொல்லுங்கள், திருப்பத்தில் வண்டி ஆடாது.

2025 ஜனவரி முதல் உணவு விநியோகிப்பாளர் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கென்று தனிச் சட்டம் வந்திருக்கிறது. வேலையில் காயப்பட்டால் இழப்பீட்டுக்கு நிறுவனம் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். சேரும்போது அதைப் படித்துப் பார்க்கட்டும். அப்புறம், வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்கள் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சாதாரண சைக்கிள் போதும், ஏழெட்டு நிமிடம்தான். மடக்கிய மின்ஸ்கூட்டரை ரயிலில் கொண்டுபோகலாம் (120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால்), ஆனால் காலை எட்டு மணிக் கூட்டத்தில் பதினைந்து கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். நிலையத்தில் பூட்டிவிட்டுப் போகக்கூடிய சைக்கிள் எவ்வளவோ மேல்.

இப்போது வீட்டுக்குள் இரண்டு மின்கலங்கள் வரப்போகின்றன. இதை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கேளுங்கள். 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் வீட்டில் நடந்த தீயில் ஒருவர் இறந்தார். எரிந்துபோன மூன்று சாதனங்கள் உள்ளே கிடந்தன. 2021இல் உட்லண்ட்ஸில் மின்தூக்கிக்குள்ளேயே சாதனம் தீப்பற்றி 20 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். லித்தியம் மின்கலத்துக்குள் இருக்கும் சிறு கலங்களில் ஒன்று சூடேறினால் பக்கத்துக் கலமும் சூடேறி அடுத்தடுத்துப் பற்றும்; நச்சுப்புகை சில நொடிகளில் அறையை நிரப்பும். சின்ன வீட்டில் தப்பிக்க நேரமே இருக்காது.

அதனால்: வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே மின்னேற்றாதீர்கள். மின்னேற்றும் இடம் எரிந்தாலும் வெளியே ஓட வழி இருக்கவேண்டும். இரவு தூங்கும்போது செருகி வைக்காதீர்கள். மெத்தை, சோபா, திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். மின்சைக்கிளுக்கு இருக்கிறதே என்று அதே சார்ஜரை மாமியாரின் ஸ்கூட்டரில் செருகுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்து. ஓட்டி வந்த சூட்டோடு மின்னேற்றாமல் சற்று ஆறவிடுங்கள். வீங்கிய, அடிபட்ட, தண்ணீர் புகுந்த மின்கலத்தை ஒரு நாள்கூட வீட்டில் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், மின்கழிவாக ஒப்படையுங்கள். மின்ஸ்கூட்டர் வகையில் பழைய வண்டி ஏதாவது மலிவாகக் கிடைத்து, அதில் யுஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். 2020 ஜூலை முதல் சான்றில்லாதவை பொதுப்பாதையில் ஓடவே கூடாது.

மாமியாரின் வண்டியில் ஈய-அமில மின்கலம் இருந்தால் பராமரிப்பு வேறு. அது கனம், ஆனால் தீ அபாயம் குறைவு. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் முழுக்க ஏற்றி வைக்கவேண்டும், பாதியில் வாரக்கணக்கில் விட்டால் செத்துவிடும். லித்தியத்தை நீண்ட நாள் சும்மா வைப்பதென்றால் பாதி அளவில் வைக்கவேண்டும்.

கடைசியாக அப்பா. இங்கே ஒரு மின்ஸ்கூட்டரோ மோட்டார் நாற்காலியோ வாங்கித் திருச்சி விமானத்தில் கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்தால், அது நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்கள் மின்ஸ்கூட்டர் போன்றவற்றைப் பொதுவாகப் பெட்டியில்கூட ஏற்றுவதில்லை. நடமாட முடியாத பயணி தானே பயன்படுத்தும் நாற்காலிக்குத்தான் விலக்கு. அதிலும் கழற்றி எடுக்கிற லித்தியம் மின்கலம் 300 வாட்-மணிக்குள் இருக்கவேண்டும், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கவேண்டும்.

தவிர, இங்கத்திய வண்டி மன்னார்குடித் தெருவுக்கு ஆகாது. சின்னச் சக்கரம், தாழ்ந்த அடிப்பாகம், நல்ல நடைபாதையை எதிர்பார்த்துச் செய்தது. அங்கே அப்பா சாலையில்தான் போகவேண்டும். பக்கவாட்டில் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசே மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிறது, தூரப் பயணத்துக்கு அது நல்லதுதான். அதில் ஒரு சங்கடம்: நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்கு மாற யாராவது கைகொடுக்கவேண்டும், போய் இறங்கின இடத்தில் நாற்காலி இருக்காது. வங்கி வாசல்வரை போய்விட்டு உள்ளே போக முடியாமல் ஆளைக் கூப்பிடவேண்டும்.

அந்தச் சங்கடத்தைத் தீர்க்க என்றே சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழுவும் அங்கே பிறந்த நியோமோஷன் நிறுவனமும் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். நியோஃபிளை என்பது ஆளின் உடலளவுக்கு ஏற்பச் செய்துதரும் சக்கர நாற்காலி. நியோபோல்ட் என்பது அதன் முன்னால் மாட்டுகிற, மோட்டாரும் கைப்பிடியும் கொண்ட தனிச் சக்கரம். மாட்டினால் நாற்காலியே சாலையில் போகும் மூன்று சக்கர வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம், ஒரு மின்னேற்றத்துக்குச் சுமார் 25 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்த நாற்காலியிலேயே கடைக்குள்ளோ வங்கிக்குள்ளோ போகலாம். 2021இல் அறிமுகமானபோது நாற்காலி 39,900 ரூபாய், முன்சக்கரம் 55,000 ரூபாய். இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் உணவு விநியோகம் செய்து சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கைகள் நன்றாக இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்கு ஃபோன் போட்டு, வீட்டில் யாரையாவது அப்பாவின் இடுப்பகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம்வரை உயரம் மூன்றையும் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாற்காலிக்கு முதலில் கேட்பது அதைத்தான். வாசல் படியின் உயரத்தையும் அளக்கட்டும், சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடவேண்டும். ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்று கொத்தனாரிடம் சொன்னால் போதும்.